தறியும் தரவும்

முதுகலைப் பொருளியல், இரண்டாம் ஆண்டு மாணவன்

முன்னுரை

பொருளியல் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவிற்கு வருவன தேவைக் கோடும் அளிப்புக் கோடும், வங்கி வட்டியும், வரவு செலவுத் திட்டமுமே ஆகும். முதுகலை வகுப்பில் நான் விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்ட மின்னிலக்கப் பொருளியல், அதாவது டிஜிட்டல் எகனாமிக்ஸ், இவற்றிலிருந்து வேறுபட்ட ஒன்று என்று நண்பர்கள் பலர் எண்ணுகின்றனர். கணினி இயக்கக் கற்றுத்தரும் பாடம் என்று கருதுவோர் உண்டு. இணையத்தில் வாணிகம் செய்து பொருள் ஈட்டும் வழி என்று கருதுவோரும் உண்டு. இரண்டும் பொருந்தா. பழைய பொருளியலின் கேள்விகளையே புதிய சூழலில் கேட்பது இப்பாடம்.

இக்கட்டுரையின் நோக்கம் இரண்டு. இப்பாடம் எதைப் பற்றியது என்பதைச் சக மாணவர்க்கு எளிய முறையில் விளக்குதல் ஒன்று. காஞ்சிபுரத்தின் தென்புறத்திலுள்ள என் ஊராகிய ஓரிக்கையின் பட்டுத்தறிகளோடு அதனைப் பொருத்திப் பார்த்தல் மற்றொன்று. திருமழிசையாழ்வாரும் கணிகண்ணனும் பெருமாளும் ஓரிரவு தங்கியதால் ‘ஓரிரவிருக்கை’ எனப் பெயர் பெற்று, அதுவே ஓரிக்கை என மருவிற்று என்பது எங்கள் ஊரைப் பற்றிய வழக்கு. அவ்வூரில் தறி ஓசை கேட்டு வளர்ந்தவன் நான். எனவே பாடநூலின் ஒவ்வோர் அதிகாரத்தையும் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் என் தந்தையாரின் கண்கொண்டு பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு.

ஐந்து செலவுகள்

டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோல்ட்ஃபார்ப் என்பவரும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டக்கர் என்பவரும் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையின் எல்லையைத் தெளிவாக வரையறுக்கிறது. செய்திகளை எண்களாக்கிச் சேர்த்து வைக்கவும் அனுப்பவும் முடிந்ததனால் ஐந்து வகைச் செலவுகள் குறைந்தன என்பது அவர்கள் வகுத்த அமைப்பு. தேடும் செலவு, படியெடுக்கும் செலவு, கொண்டு சேர்க்கும் செலவு, பின்தொடரும் செலவு, சரிபார்க்கும் செலவு ஆகியவையே அவ்வைந்தாம்.

ஒரு பொருள் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று அறிய ஆகும் முயற்சி தேடும் செலவு. ஒரு பாடலையோ படத்தையோ இன்னொரு படி எடுக்க ஆவது படியெடுக்கும் செலவு. அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்ப ஆவது கொண்டு சேர்க்கும் செலவு. வாங்குபவர் யார், எதைப் பார்த்தார், எதை விடுத்தார் எனக் கவனிக்க ஆவது பின்தொடரும் செலவு. விற்பவர் சொல்வது மெய்யா, அவர் நம்பத் தக்கவரா எனத் தெரிந்துகொள்ள ஆவது சரிபார்க்கும் செலவு.

ஐந்தும் குறைந்தன என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஐந்தும் ஒரே அளவில் குறையவில்லை; எல்லாருக்கும் ஒன்றுபோலவும் குறையவில்லை. ஆகவே எந்தச் செலவு குறைந்தது, யாருக்குக் குறைந்தது என்ற இரு வினாக்களை விடாமல் கேட்பதே இப்பாடத்தைப் பயிலும் முறை என்பது என் கருத்து. அதனை நிறுவவே ஓரிக்கையை எடுத்துக்கொள்கிறேன்.

தறிக்கு இலக்கம் புதிதன்று

மின்னிலக்கம் நெசவாளனுக்கு அந்நியமானது என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஜக்கார்டு பெட்டியை அண்ணாந்து பார்க்க வேண்டும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் உருவாக்கிய அமைப்பு அது. அட்டையில் துளை இருக்குமிடத்தில் பாவு இழை உயரும். துளை இல்லாத இடத்தில் உயராது. உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களால் மயிலும் அன்னமும் உருத்திராட்சமும் சேலையில் உருவாகின்றன. இங்கிலாந்து நாட்டு பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு இந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். அமெரிக்க நாட்டின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித்தின் துளை அட்டைகள் எண்ணி முடித்தன. கணினியின் முன்னோர் வரிசையில் தறிக்கும் ஓர் இடம் உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆனால் அன்று அட்டை தறியோடு கட்டப்பட்டிருந்தது. கரையின் வடிவத்தைக் களவாட வேண்டுமானால் அட்டையைக் களவாட வேண்டும். அல்லது சேலையைப் பிரித்துப் பார்த்து மீண்டும் அட்டை குத்த வேண்டும். இன்று கைப்பேசியில் ஒரு படம் போதும். புதிய முந்தானை தறியிலிருந்து அறுத்து இறக்கப்படுமுன் அதன் படம் வேறு ஊரை அடைந்துவிடலாம். படியெடுக்கும் செலவு குறைந்ததனால் பயன் பெறுபவரும் இழப்பவரும் வெவ்வேறு மனிதர்கள் என்பதற்கு இதுவே முதற் சான்று.

சேலை யாருடையது?

ஓரிக்கைத் தறியின் பொருளாதார அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது இங்குத் தேவை. எங்கள் பகுதி நெசவாளர் மூவகையினர். கூட்டுறவுச் சங்க உறுப்பினராக நெய்பவர் ஒரு வகை. தனி முதலாளியிடம் கூலிக்கு நெய்பவர் இன்னொரு வகை. பட்டும் சரிகையும் தாமே வாங்கி நெய்து தாமே விற்பவர் மூன்றாம் வகை, இவர்கள் சிலரே.

முதலிரு வகையிலும் பட்டும் சரிகையும் நெசவாளருக்குக் கொடுக்கப்படுகின்றன. வழக்கமாக ஒரு பாவில் மூன்று சேலைகள் இறங்கும். உடலும் கரையும் வெவ்வேறு வண்ணமாக இருந்து, அவற்றைக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையானால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். துணைக்கு இன்னொருவர் வேண்டும். நெய்து முடித்துக் கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு எனக் கூலி. அந்தச் சேலை கடையில் என்ன விலைக்குப் போயிற்று என்பதற்கும் அந்தக் கூலிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சங்கம் இலாபம் ஈட்டினால் உறுப்பினருக்குப் போனசும் ஈவுத் தொகையும் கிடைக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

சேலையின் உரிமையாளர் யாரோ, சந்தை விரிவடைவதன் பயனும் முதலில் அவருக்கே. உரிமை கையில் இல்லாதவருக்குத் தேடும் செலவு குறைந்தும் பயன் தானாக வந்து சேராது. நாட்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20ஆம் ஆண்டில் நடந்தது. அதன்படி இத்தொழிலில் உள்ளோர் 35 லட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். நெசவாளருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இணையம் எங்கும் பரவிய பிறகு எடுக்கப்பட்ட கணக்கு இது என்பதை நாம் மறத்தலாகாது.

மத்தி மீனும் பட்டுச் சேலையும்

தேடும் செலவைப் பற்றிய கோட்பாட்டை 1961ஆம் ஆண்டிலேயே ஸ்டிக்ளர் வகுத்துவிட்டார். ஒரே பொருள் பல கடைகளில் பல விலைக்கு விற்பதற்குக் காரணம், விலை அறிய ஆகும் செலவே என்பது அவர் கருத்து. இதற்குச் சிறந்த சான்று நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலிருந்து கிடைத்தது.

ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் கேரளத்தின் வடபகுதிக் கடற்கரையில் மத்தி மீன் பிடிப்போரை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். 1997 முதல் 2001 வரை அக்கடற்கரையில் கைப்பேசிக் கோபுரங்கள் பகுதி பகுதியாக நிறுவப்பட்டன. அதற்கு முன், ஒரு கரையில் மீன் தேங்கி வீணாகும். சிறிது தொலைவிலுள்ள மற்றொரு கரையில் மீன் கிடைக்காது. கைப்பேசி வந்தபின் படகிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுத்தனர். கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது; மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவர் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. விற்பவர், வாங்குபவர் இருவரும் ஒருங்கே பயன் பெற்றனர்.

இந்த ஆய்வை வகுப்பில் படித்தபோது, அப்படியானால் பட்டுச் சேலைக்கும் இதுவே நடக்க வேண்டுமே என்று ஆசிரியர் ஒரு வினாவை எழுப்பினார். அந்த வினாவே என்னை இக்கட்டுரைக்குக் கொண்டுவந்தது. என் விடை வருமாறு. மத்தி மீனின் தரத்தை வாங்குபவர் கண்ணாலே காண்கிறார். செவுளைத் தூக்கிப் பார்த்தால் போதும். அவருக்குத் தெரியாதது விலை ஒன்றே. மீனும் பிடித்தவனுடையதே. பட்டுச் சேலையிலோ விலை எங்கும் எழுதி வைத்திருக்கிறது, தெரியாதது தரம். நெய்தவனுக்கு அது உடைமையும் அன்று. கைப்பேசி மீனவரின் குறையைத் தீர்த்தது. நெசவாளரின் குறை வேறிடத்தில் இருக்கிறது.

அறியாமையின் விலை

அந்த வேறிடத்தைச் சுட்டிக் காட்டியவர் அக்கர்லாஃப். பழைய மோட்டார் கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து 1970ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. 2001ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கும் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர் கோட்பாட்டை நம் ஊர்ச் சேலைக்கு மாற்றிக் காண்போம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை.

கைத்தறிக் கோர்வைச் சேலை ஒன்றை உருவாக்க ஆகும் செலவு 24,000 ரூபாய் என்க. அது கைத்தறிதான் என்று உறுதியாகத் தெரிந்தால் 30,000 ரூபாய் கொடுக்க வாங்குபவர் ஒப்புவார். அதுபோன்றே தோற்றமளிக்கும் விசைத்தறிச் சேலைக்கு ஆகும் செலவு 8,000 ரூபாய். அதற்கு அவர் கொடுக்க ஒப்புவது 10,000 ரூபாய். கணினித் திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டும் சம எண்ணிக்கையில் இருப்பதாக வாங்குபவர் எண்ணினால், சராசரியாக 20,000 ரூபாய் தரவே முன்வருவார். 24,000 ரூபாய் செலவான சேலையை 20,000 ரூபாய்க்கு யார் கொடுப்பார்? கைத்தறிச் சேலை சந்தையை விட்டு விலகும். எஞ்சியிருப்பது போலி என்று தெரிந்தபின் விலை 10,000 ரூபாயில் வந்து நிற்கும்.

இங்கே யாருக்கு என்ன நட்டம்? 30,000 ரூபாய் மதிப்புள்ள பொருளை 24,000 ரூபாயில் உருவாக்க முடிந்தும் அது உருவாகவில்லை. சேலை ஒன்றுக்கு 6,000 ரூபாய் நலன் சமுதாயத்திற்கு இல்லாமற் போயிற்று. இதனையே திருப்பிப் பார்த்தால் ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கும். ஒரு சேலையைச் சோதித்து உறுதி கூற ஆகும் செலவு 6,000 ரூபாய்க்குக் கீழ் இருக்கும்வரை அச்சோதனை சந்தையை மீட்கத் தகுதியுடையது. விசைத்தறித் தொழிலாளியின் உழைப்பும் உழைப்பே. அதன்மேல் எனக்குக் குறை இல்லை. ஒன்றை மற்றொன்று எனப் பெயர் மாற்றி விற்பதே சந்தையைக் கெடுக்கிறது.

நான்கு வினாக்கள், நான்கு சான்றுகள்

காஞ்சிப் பட்டைப் பற்றி வாங்குபவர் மனத்தில் எழும் ஐயங்கள் நான்கு. இது பட்டுதானா? கையால் நெய்ததா? காஞ்சிபுரத்து முறையில் நெய்ததா? சரிகையில் உள்ளது வெள்ளிதானா?

முதல் வினாவிற்கு மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004ஆம் ஆண்டில் வந்த பட்டு முத்திரை விடை சொல்கிறது. இரண்டாவதற்கு 2006ஆம் ஆண்டில் வந்த கைத்தறி முத்திரை. மூன்றாவதற்குப் புவிசார் குறியீடு. காஞ்சிபுரம் பட்டுக்கு அது 2005-06ஆம் ஆண்டில் கிடைத்தது. நான்காவதற்கு எக்ஸ்ரே கதிரால் உலோகப் பங்கை அளந்து காட்டும் கருவி. நல்ல சரிகையிலும் பொன் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே. பெரும் மதிப்பு வெள்ளியினுடையது. வெறும் கண்ணால் இதை அறிதல் பழகியவருக்கும் அரிது.

பட்டு முத்திரையை மட்டும் பார்த்து, இது காஞ்சிக் கைத்தறிச் சேலை என்று முடிவு செய்பவர் தவறுகிறார். முதல் வினாவின் விடையை மற்ற மூன்றிற்கும் விடையாகக் கொள்கிறார் அவர். விசைத்தறியில் ஓடிய சேலையும் தூய பட்டாக இருத்தல் கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முத்திரை என்பது ஒரு சீட்டு, சீட்டையும் படியெடுக்கலாம். படியெடுக்கும் செலவு குறையக் குறைய, சரிபார்க்கும் செலவு கூடுகிறது. ஐந்து செலவுகளும் தனித்தனி என்று பாடநூல் வகுத்தாலும், ஒன்று மற்றொன்றைத் தள்ளி விடுவதை இங்குக் காண்கிறோம். இதற்கு மாற்றாகச் சேலைக்கு ஒரு தனி எண் கொடுத்து, கியூ.ஆர். குறியாக அச்சிட்டு, யாரும் திருத்த இயலாத பிளாக்செயின் பதிவேட்டில் ஏற்றலாம் என்று கூறுகின்றனர். நல்ல யோசனையே. ஆனால் எழுதியதை மாற்ற முடியாது என்பதால் எழுதியது உண்மையாகிவிடாது. முதல் வரியைத் தறியின் அருகில் நின்று பார்த்த ஒரு மனிதர் எழுத வேண்டும். அந்த மனிதர் யார், அவருக்கு யார் ஊதியம் கொடுப்பது, அவர் பொய் எழுதினால் என்ன தண்டனை என்பவை தொழில்நுட்ப வினாக்கள் ஆகா. பழைய பொருளியல் வினாக்களே. உறுப்பினரின் தறியை அறிந்த கூட்டுறவுச் சங்கம் இப்பணிக்கு மிகவும் பொருத்தமானது என்று நான் கருதுகிறேன்.

தரகரும் தளமும்

வெளியூரிலிருந்து திருமணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வந்து இறங்கும் குடும்பத்தாரைக் கடைக்கு அழைத்துச் செல்லும் தரகர்களை நாம் அறிவோம். அவருக்குக் கடையிலிருந்து கமிஷன்; வந்தவர்க்கு வழிகாட்டல் இலவசம். இரு தரப்பையும் சேர்த்து வைத்து, ஒரு தரப்பிடம் மட்டும் பணம் பெறும் இந்த அமைப்பையே ரோஷே, டிரோல் ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டில் இருபக்கச் சந்தை எனக் கோட்பாடாக்கினர். டிரோல் 2014ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இணைய விற்பனைத் தளம் என்பது உலகளாவிய தரகரே எனலாம்.

தரகருக்கும் தளத்திற்கும் இரு வேறுபாடுகள் உண்டு. வாங்குவோர் பெருகும் தளத்தை விற்போர் நாடுவர். விற்போர் பெருகினால் வாங்குவோர் இன்னும் பெருகுவர். இதனால் ஒன்றிரண்டு தளங்களே ஓங்கி நிற்கின்றன. அடுத்து, தரகருக்கு நினைவிலிருக்கும் முகங்கள் சில நூறு. தளமோ ஒவ்வொருவர் தேடியதையும் பதிந்து வைக்கிறது. எந்த வண்ணம், எந்தக் கரை, எந்த மாதத்தில் விலைபோகும் என்ற அறிவு முன்பு காஞ்சிக் கடைத்தெருவில் இருந்தது. இன்று அதன் ஒரு பகுதி தளத்தின் கணினிகளுக்கு இடம் மாறிவிட்டது.

இதற்கு அரசு என்ன செய்யலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே இரு பாடங்கள் உள்ளன. தேசியப் பணம் செலுத்தும் கழகம் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் எந்த வங்கியின் வாடிக்கையாளரும் எந்தச் செயலியிலிருந்தும் மற்றொருவருக்குப் பணம் அனுப்பலாம். 2023-24ஆம் நிதியாண்டில் அதன்வழி நடந்த பரிவர்த்தனைகள் 13,000 கோடிக்கும் அதிகம். பாதை பொதுவாக இருந்தால் தனி ஒருவர் வாயிலை அடைக்க முடியாது என்பதே அதன் கருத்து. இதே கருத்தைக் கடைகளுக்கும் விரிக்கும் முயற்சியாக 2021ஆம் ஆண்டு இறுதியில் ஓ.என்.டி.சி. என்னும் திறந்த வணிக வலைப்பின்னல் நிறுவப்பட்டது. பாதை திறந்தால் சங்கத்தின் சேலை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் தெரியும். ஆயினும் தெரிவது வேறு, நம்பப்படுவது வேறு என்பதை முன்னரே கண்டோம்.

எவ்வாறு பயில்வது?

இப்பாடத்தை எடுக்க விரும்பும் இளைய மாணவர்க்குச் சில சொற்கள். நுண்ணினப் பொருளியலில் நல்ல அடிப்படை வேண்டும். குறிப்பாக இறுதிநிலைச் செலவு, தகவற் குறைபாடு, விளையாட்டுக் கோட்பாடு ஆகியவற்றில். வகைநுண்கணிதத்திற்கு அஞ்சுபவர்கள் கோடை விடுமுறையிலேயே அச்சத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் நலம். புள்ளியியலும் பொருளாதார அளவையியலும் இன்றியமையாதன. கேரளத்தில் கோபுரங்கள் வெவ்வேறு காலத்தில் வந்ததைப் பயன்படுத்தி, கைப்பேசி வந்த பகுதியை வராத பகுதியோடு ஒப்பிட்ட முறையே அந்த ஆய்வின் உயிர்நாடி. அம்முறையைக் கற்காமல் முடிவை மட்டும் மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

என் ஆய்வேட்டிற்காக ஓரிக்கையில் வீடு வீடாகச் சென்று கேட்க நான் எடுத்துக்கொண்டுள்ள வினாக்களை இங்குத் தருகிறேன். தறியில் உள்ள சேலை யாருடையது? அதன் விற்பனை விலை உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தபின் கூலியைப் பற்றிப் பேச முடிந்ததா? உங்கள் சேலையின் படம் இணையத்தில் வந்ததுண்டா? அதில் நெய்தவர் பெயர் இருந்ததா? முத்திரைச் சீட்டை யார் ஒட்டுகிறார்கள்? உங்கள் மகனோ மகளோ தறியில் அமர்கிறார்களா? கடைசி வினாவின் விடையில்தான் மற்ற வினாக்களின் விளைவு முழுவதும் அடங்கியிருக்கிறது.

முடிவுரை

காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பொருளியல் பயின்ற பேரறிஞர் அண்ணா, 1953ஆம் ஆண்டில் கைத்தறித் துணிகள் தேங்கிக் கிடந்தபோது அவற்றைத் தாமே சுமந்து தெருவில் விற்றார். அன்று வாங்குபவரிடம் துணியைக் கொண்டு சேர்ப்பது பெரும்பணியாக இருந்தது. விற்றவரின் முகமே துணிக்குச் சான்றாக நின்றது. இன்று கொண்டு சேர்ப்பது எளிதாகிவிட்டது. சான்று நிற்பதே அரிதாகியுள்ளது.

தேடுவது எளிதானதால் உலகம் ஓரிக்கையைக் கண்டுகொள்ளும். நம்புவது எளிதானால் ஓரிக்கைச் சேலைக்கு உரிய விலை கிடைக்கும். அந்த விலையில் ஒரு பங்கு கூலியாக மாறுவதற்கு, சேலையின் உரிமையிலோ சங்கத்தின் இலாபத்திலோ நெசவாளருக்கு இடம் இருக்க வேண்டும். முதலாவது நடந்துவிட்டது. இரண்டாவது பாதி வழியில் நிற்கிறது. மூன்றாவதைத் தொழில்நுட்பம் தாராது. அது சங்கமும் சட்டமும் கூடிச் செய்ய வேண்டிய பணி. அப்பணிக்கு வேண்டிய கணக்கைப் போட்டுத் தருவது பொருளியல் மாணவரின் கடமை. பூட்டுத் தொழில் உள்ள ஊரிலிருந்தும், பாய் முடையும் ஊரிலிருந்தும், பித்தளைப் பாத்திரம் அடிக்கும் ஊரிலிருந்தும் நம் கல்லூரிக்கு வரும் நண்பர்கள் தத்தம் ஊரில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து, அடுத்த ஆண்டு மலரில் எழுதுவார்களாயின் மகிழ்வேன்.